ஒரே உடம்புக் கம்ப்யூட்டர்

பிப்ரவரி 4

அன்புள்ள வாலு,

உன் கடிதம் கிடைத்தது. மொத்தம் ஐந்து வரி. தந்தி நின்றுபோன விஷயத்தை உனக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

"அப்பா எப்படி இருக்கிறார், வீட்டில் என்ன நடக்கிறது, உள்ளதை மட்டும் எழுதுங்கள், கையிலிருந்து எதையும் சேர்க்காதீர்கள்" என்று கேட்டிருக்கிறாய். உன் மாமா சேர்த்துச் சொல்கிற ஆளா? இந்தத் தெருவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார். ஃபேன் கடைக்காரரை மட்டும் விட்டுவிடு, அவருக்கும் எனக்கும் ஆகாது.

உள்ளது இது. உன் அம்மாவின் கம்ப்யூட்டருக்குக் கண் போய்விட்டது. திரை முழுக்க இருட்டு. ஆனால் உயிர் இருக்கிறது. காதை வைத்தால் உள்ளே விசிறி சுற்றுவது கேட்கிறது. வேளாவேளைக்குப் பேசவும் செய்கிறது.

அக்கா ஆபரேஷனுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் உட்கார்ந்து, அத்தானுக்காகத் தன் குரலிலேயே நினைவூட்டல்கள் பதிந்து வைத்தாள் அல்லவா? ஊர் நிலத்தையெல்லாம் சங்கிலி பிடித்து அளந்தவர் உன் அப்பா. தன் மூக்குக் கண்ணாடி தன் மூக்கில் இருப்பது அவருக்குத் தெரியாது. அதனால் காலையில் மாத்திரை, மத்தியானம் கேஸ் அடுப்பு. சாயங்காலம் இருட்டும்போது மூன்றாவது: "இந்தாங்க, நான் வர்ற வரைக்கும் கதவைத் தாழ்ப்பாள் போடாதீங்க. எந்நேரமானாலும் வந்துடுவேன்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்பது உனக்கே தெரியும். அத்தான் தூங்கினால் கதவைப் பெயர்த்து எடுத்துப் போனாலும் எழுந்திருக்க மாட்டார். ஒரு மழையில் அக்காவை வெளியே நிற்க வைத்துவிட்டு உள்ளே குறட்டை விட்ட மகான். ஆஸ்பத்திரியில் எப்போது விடுவார்கள் என்று தெரியாது, அதனால் தினமும் சொல்லும்படி வைத்தாள். எந்தத் தேதியோடு நிறுத்துவது என்ற கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டாள்.

அவள் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. சாயங்காலம் ஆனால் அந்தக் கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இன்னும் சொல்கிறாள். அத்தானும் இன்னும் தாழ்ப்பாள் போடவில்லை.

நீ கவலைப்படாதே. வேறு கம்ப்யூட்டர் வாங்கிப் போடலாம் என்று கடை கடையாக ஏறி இறங்குகிறேன். கழுத்தில் டை கட்டிய ஒரு கடைக்காரர், திரையும் டப்பாவும் ஒரே உடம்பாக வருகிற ஆல் இன் ஒன்னைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க வந்தார். நான் எதிர்ப்பாடம் எடுத்ததில் டையைத் தளர்த்திக்கொண்டு, "சார் எந்தக் கம்பெனியில எஞ்சினியர்?" என்றார். "எட்டாங்கிளாஸ் கம்பெனி" என்றேன். ஆடிப்போய்விட்டார். ஃபிரிட்ஜின் வயிற்றைத் திறந்து மூடுகிறவனுக்குக் கம்ப்யூட்டர் எம்மாத்திரம்?

மறுபடி ஆல் இன் ஒன்னே வாங்கவா, இல்லை டப்பா தனி, திரை தனி என்று வாங்கவா? மேஜை சின்னது. ஆல் இன் ஒன் என்றால் ஒரே ஒரு ஒயர், பார்க்க லட்சணம். நீ சொல்.

உன் மாமா

---

பிப்ரவரி 15

மாமா,

இந்தக் கேள்வியை மூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும். கேட்டீர்கள். நான் சொன்னேன். கேட்ட பிறகு நீங்கள் உங்கள் இஷ்டப்படி வாங்கினீர்கள்.

நான் நாள் முழுக்கக் கட்டட வரைபடம் வரைகிறவள். என் மேஜையில் டப்பா தனி, திரை தனி. நடுவில் ஒரு தடவை திரையில் கோடு விழுந்தது. திரையை மட்டும் மாற்றினேன். வேகம் போதவில்லை என்றபோது டப்பாவைத் திறந்து உள்ளே மெமரியைக் கூட்டினேன். ஆல் இன் ஒன்னில் எல்லாவற்றையும் ஒரே கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டி வைத்திருப்பார்கள். இடம் மிச்சம், அழகு, தூக்கி வைக்கச் சுலபம், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் காற்று போக வழி குறைவு. சூடு ஏறும். ஒன்று கெட்டால் மற்றதும் அதோடு மாட்டிக்கொள்ளும். இதையெல்லாம் போனில் சொன்னபோது அம்மா சிரித்தாள். "உன் மாமா ஒரு ஒயர் போதும்கறான்டி, கூட்டறப்ப துடைப்பத்துல எதுவும் சிக்காது." முடிந்தது.

போனில் பேசாமல் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்று போன கடிதத்துக்கு முந்தியதில் கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். அப்பாவோடு எனக்குப் பேச்சு இல்லை என்பது தெரியும். ஆபரேஷன் கை மீறிப் போகிறது என்று தெரிந்த பிறகும் அவர் எனக்குச் சொல்லவில்லை. நான் வந்து சேர்ந்தபோது பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் போன மழைக்காலத்தில் மனசு கேட்காமல் ஒருநாள் வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா "ஹலோ" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முதுகுக்குப் பின்னால் அம்மா பேசினாள். "நான் வர்ற வரைக்கும்" என்பது வரை கேட்டேன். போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்த எண்ணை அழுத்த என் விரல் வரவில்லை.

டப்பாவும் திரையும் தனித்தனியாக வாங்குங்கள். பழையதன் உள்ளே ஒரு டிஸ்க் இருக்கும், அம்மாவின் கணக்கு, படம், எல்லாம் அதில்தான். ரிப்பேர்க்காரரிடம் சொன்னால் கழற்றிப் புது டப்பாவில் மாட்டிக் கொடுப்பார். மாட்டியதும் முதல் வேலையாக அந்த நினைவூட்டலை அழித்துவிடுங்கள்.

திரையில்லாமல் யாரும் அதை நிறுத்த முடியாது என்பது அம்மாவுக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பாள்.

நான்

---

பிப்ரவரி 26

அன்புள்ள சிடுமூஞ்சி,

போன கடிதத்தில் வாலு என்று எழுதினேன், இந்தக் கடிதத்தில் பட்டம் மாறிவிட்டது. காரணம் உனக்கே தெரியும்.

நீ சொன்னபடியே தனித்தனியாக வாங்குவது என்று முடிவாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் நானும் அதையேதான் நினைத்தேன். முகம் ஒரு பக்கம், மூளை ஒரு பக்கம் இருந்தால் ஒன்றுக்கு ஜலதோஷம் பிடித்தால் இன்னொன்று தும்மாது. இதை நான் கடையில் சொன்னபோது பக்கத்தில் நின்ற நாலு பேர் கை தட்டினார்கள். ஒரு அம்மாள் ஆல் இன் ஒன்னுக்குக் கொடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்.

வேலை ஏன் இன்னும் முடியவில்லை என்று கேட்பாய். ரிப்பேர்க்காரர் ஊரில் இல்லை. திருகாணி என்று கூப்பிடுவோமே, காதில் எப்போதும் ஒரு திருகாணி சொருகியிருக்குமே, அவர்தான். மகளைப் பார்க்க வெளியூர் போயிருக்கிறார். வேறு ஆளிடம் அக்காவின் பொருளைக் கொடுக்க எனக்கு மனசு வராது.

இதற்கிடையில் இங்கே ஒரு சண்டைக் காட்சி. திறந்து கிடந்த வீட்டுக்குள் மூன்று திருடர்கள். நான் தனி ஆளாக...

சரி, அந்த வரியை அடித்துவிடுகிறேன். மூன்று இல்லை. ஒருவனும் இல்லை. நீ உள்ளதைக் கேட்டாய்.

போன வாரம் காலையில் போனேன். வாசல் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. சாத்தியிருக்கவில்லை, முழுக்கத் திறந்திருந்தது. நடுக்கூடம் வரை காய்ந்த இலை. எதிர்வீட்டு நாய் கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே படுத்திருந்தது, விசிறிச் சூட்டுக்காக. ஒரு பொருள் காணாமல் போகவில்லை. காற்று தள்ளியிருக்கும், இல்லை நாய் தள்ளியிருக்கும். அத்தான் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அவ வந்துட்டுப் போயிட்டாடா. நான் தூங்கிட்டேன்."

"அத்தான், நாய் வந்திருக்கு. பாருங்க, கீழ படுத்திருக்கு."

"நாய் அப்புறம் வந்திருக்கும். மொதல்ல அவதான். அவ நாற்காலி இழுத்துப் போட்டிருக்கு பாரு. எழுப்பிப் பாத்திருப்பா. எனக்குத்தான் தெரியுமே என் தூக்கம்."

அன்றிலிருந்து அவர் படுக்கவில்லை. கதவுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பகலில் சோற்றுத் தட்டின் மேல் தலை சாய்கிறது. எழுப்பினால் "யாரு வந்தது?" என்கிறார். சட்டைக் காலருக்குள் கழுத்து தனியாக ஆடுகிறது. நான் ஏதாவது ஜோக் அடித்தால் முன்பெல்லாம் திட்டுவார். இப்போது திட்டுவதில்லை. இது எனக்குப் பிடிக்கவில்லை.

கம்ப்யூட்டர் கிட்ட யாரையும் விடுவதில்லை. நான் தூசி தட்டப் போனால்கூட, "சுவிட்சுல கை படப்போகுது, தள்ளி நில்லு" என்கிறார். ஒரு தடவை அணைந்தால் இருட்டுத் திரையில் பாஸ்வேர்டு எப்படிப் போடுவது, அப்புறம் அது பேசவே பேசாது என்று அவருக்குப் பயம். கரண்டு போனாலும் அணையாமல் இருக்க நான் ஒரு பேட்டரி வைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த மாதிரி பேட்டரி இந்த ஊரில் விமான நிலையத்திலும் நம் வீட்டிலும்தான் இருக்கிறது.

திருகாணி வந்ததும் முடித்துவிடுகிறேன்.

மாமா

---

மார்ச் 7

மாமா,

அப்பா தூங்குவதில்லை என்பதைக் கடிதத்தின் நடுவில், கை தட்டிய நாலு பேருக்கும் விமான நிலையத்துக்கும் இடையில் எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதல் வரியில் எழுதியிருக்க வேண்டும்.

ரிப்பேர் கடைக்கு நேற்று போன் செய்தேன். திருகாணி மாமாதான் எடுத்தார். அவருக்கு மகளே இல்லையாமே! இரண்டு மகன்களாம், இரண்டும் அவர் கூடவே இருக்கிறதாம். "உங்க மாமா ரெண்டு தடவை வந்தாரும்மா, பேசிக்கிட்டே இருந்தாரு, டீ குடிச்சாரு, வேலை வெக்காம போயிட்டாரு" என்றார். இன்னொன்றும் சொன்னார். சாயங்காலம் நீங்கள் அவர் கடையில் எவ்வளவு மும்முரமாகக் கதை அளந்துகொண்டிருந்தாலும், வெளிச்சம் குறைந்ததும் பாதிக் கதையில் எழுந்து போய்விடுகிறீர்களாம். எங்கே போகிறீர்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

அந்தக் கூடத்தில் அந்த நேரத்துக்கு இரண்டு பேர் காத்திருக்கிறீர்கள். ஒருவர் கதவைப் பார்த்து, ஒருவர் திரையைப் பார்த்து.

உங்களைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். வரவில்லை. உங்களுக்கு அவள் அக்கா. எனக்கு முன்னாலேயே உங்களுக்கு அவள் குரல் தெரியும்.

என் பக்கத்தையும் கேளுங்கள். ஆபரேஷனுக்கு முதல் நாள் அவள் எனக்கும் போன் செய்தாள். "சின்ன விஷயம்தான். லீவெல்லாம் போடாத. நீ வர வேணாம்." அதுதான் எனக்குக் கிடைத்த கடைசி வாக்கியம். அப்பாவுக்குத் தான் வந்துவிடுவதாகச் சொல்லி வைத்துவிட்டு, என்னை வராதே என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் வராமல் இங்கே உட்கார்ந்திருக்கிறேன். அவள் சொன்னதை இரண்டு பேரும் அட்சரம் பிசகாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அழிக்க வேண்டாம். அப்படி எழுதியது கோபத்தில். ஆனால் அந்த விசிறிச் சூடு நல்லதற்கில்லை. நாய் குளிர் காய்கிற அளவுக்கு அது கொதித்தால், ஒருநாள் திரையோடு டிஸ்க்கும் போகும். அப்புறம் உங்களுக்கும் இல்லை, அப்பாவுக்கும் இல்லை. குரல் பத்திரமாகப் புது டப்பாவுக்குப் போகட்டும். அப்பா தூங்கட்டும். இரண்டாவதை எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. முதலாவது உங்கள் கையில் இருக்கிறது. டீ குடிக்காமல் போங்கள்.

நான்

---

மார்ச் 19

அன்புள்ள வாலு,

வேலை முடிந்தது. இதில் ஒரு வார்த்தைகூடச் சேர்க்கவில்லை. சேர்க்க வேண்டிய அவசியம் வரவில்லை.

உன் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அன்று சாயங்காலமே போனேன். ஆமாம், வழக்கமான நேரத்துக்குத்தான். அத்தான் நாற்காலியில். நான் சுவரோரம். வெளியே வெளிச்சம் இறங்கியது. உள்ளே விசிறி கரகரவென்று அரைத்துக்கொண்டிருந்தது. அக்கா தொடங்கினாள். "இந்தாங்க, நான் வர்ற வர... வர... வர... வர..."

அப்படியே சிக்கிக்கொண்டது. அவள் குரல், அந்த ஒரு சொட்டு, மூச்சு விடாமல். ஃபிரிட்ஜ் கம்ப்ரஸர் சாவதை நான் நூறு தடவை கேட்டிருக்கிறேன். இது அந்த மாதிரி இல்லை. அத்தான் எழுந்து போய் அந்தக் கறுப்புக் கண்ணாடியின் மேல் இரண்டு கையையும் வைத்து, "போதும், போதும், சொல்லிட்ட, கேட்டுக்கிட்டேன்" என்றார். குழந்தைக்கு விக்கல் எடுத்தால் தடவுவது மாதிரி தடவினார். கொஞ்ச நேரம் கழித்து அது தானாக நின்றது.

"சுடுதுடா. கை வெக்க முடியல."

"திருகாணியக் கூப்பிடட்டுமா அத்தான்?"

"தொறக்கணும்பான்."

"தொறந்துதானே ஆகணும்."

"ஒரு தடவ தொறந்தாங்க. சின்ன ஆபரேஷன்னு. மூடி எங்கிட்ட என்ன குடுத்தாங்க?"

ஆஸ்பத்திரியில் என்ன கொடுத்தார்கள் என்பது உனக்கே தெரியும். அத்தானே, "சரி, வரச் சொல்லு. ஆனா நான் பக்கத்துலதான் இருப்பேன். அங்க வெளிய உக்கார வெச்சுட்டாங்க" என்றார்.

மறுநாள் திருகாணி வீட்டுக்கே வந்தார். அத்தான் அவர் தோளுக்கு மேலேயே நின்றார். மூடியைக் கழற்றினால் உள்ளே விசிறியில் தூசி மெத்தை மாதிரி. டிஸ்க் என்பது ஒரு சீப்பு அளவுதான் இருக்கிறது. அதை எடுத்து அத்தான் உள்ளங்கையில் ஒரு நிமிஷம் வைத்தார் திருகாணி. "இதுலதான் சார் எல்லாம். பத்திரமா இருக்கு." அவர் கூலி வாங்கவில்லை என்று எழுதலாம் என்று பார்த்தேன். வாங்கினார். தலை குனிந்து வாங்கினார்.

புது டப்பாவில் மாட்டினோம். திரை நான் தேர்ந்தெடுத்தது, கடையிலேயே பெரியது. மேஜையை விட்டு இரண்டு பக்கமும் கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது, அதைச் சொல்லிக்காட்டாதே. அக்காவின் பாஸ்வேர்டு உன் பிறந்தநாள். போட்டதும் இத்தனை நாள் இருட்டுக்குள் இருந்தது பளிச்சென்று வந்தது. முன் பல் இல்லாமல் நீ சிரிக்கிற படம். அதைத்தான் அவள் தினமும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அத்தான் வெகுநேரம் பார்த்தார்.

"இவ எங்கிட்ட பேசறதில்ல, தெரியுமா உனக்கு?" என்றார், எனக்கு ஏதோ புதுச் செய்தி சொல்வது போல. "எப்படிச் சொல்லுவேன் அவளுக்கு? டாக்டர் சொன்னத என் வாயால திருப்பிச் சொன்னா நெஜமாயிடும்னு இருந்துட்டேன்."

இதை நான் உனக்கு எழுதுவேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் ஆனது. மூன்று பேருக்கு இடம் விட்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தோம். வெளிச்சம் இறங்கியது. திரை ஓரத்தில் சின்னதாக ஒரு கட்டம் வந்தது. அதில் "தாழ்ப்பாள்" என்று மட்டும் எழுதியிருந்தது.

சத்தம் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பழையதில் வாயும் அந்த உடம்புக்குள்ளேயே இருந்தது. முகம் தனி, மூளை தனி என்று மார்தட்டி வாங்கினேனே, வாயும் தனியாக வாங்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தோன்றவில்லை என்ன, டை கட்டியவர் கேட்கத்தான் செய்தார். "ஸ்பீக்கர் வேணுமா சார்?" நான்தான், "பாட்டு கேக்கற குடும்பமில்லப்பா நாங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி கையை வீசிவிட்டு வந்தேன்.

அத்தான் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். காத்திருந்தார். கட்டம் மறைந்தது. விசிறிச் சத்தமும் இல்லை, புது டப்பா அல்லவா. அந்தக் கூடம் அவ்வளவு அமைதியாக இருந்து ஒரு வருஷம் ஆகிறது.

"சொல்லலியே" என்றார்.

"அத்தான், அது வந்து..."

"போடாதீங்கன்னு சொல்லல பாரு." கதவைப் பார்த்தார். அப்புறம் மேஜை முன்னால் காலியாக இருந்த அக்காவின் நாற்காலியை. "அப்ப வந்துட்டா."

எழுந்தார். வாசலுக்குப் போனார். ஒரு வருஷமாக அசையாத தாழ்ப்பாள், துரு பிடித்திருந்தது. இரண்டு கையாலும் பிடித்துத் தள்ளினார். அது விழுந்த சத்தம் என் பல்லில் கூசியது. திரும்பி வந்து என் தோளைத் தொட்டு, "மெதுவாப் பேசு. அலுத்து வந்திருப்பா" என்றார். உள்ளே போய்ப் படுத்தார். அத்தோடு தொடங்கியது பார் அந்தக் குறட்டை. ஜன்னல் அதிர்ந்தது. எதிர்வீட்டு நாய் குரைத்தது. இது சேர்த்தது இல்லை.

அவர் போட்ட தாழ்ப்பாளைத் திறந்து என் வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. கூடத்திலேயே இருந்தேன். இதற்கு மேல் எழுதினால் அளக்கிறேன் என்பாய். ஒன்று மட்டும் எழுதுகிறேன். உட்கார இடம் இருந்தும் அந்த நாற்காலியில் நான் உட்காரவில்லை. தரையில்தான் உட்கார்ந்தேன்.

அன்றிலிருந்து தாழ்ப்பாள் போட்டுத் தூங்குகிறார். நேற்று என்னைத் திட்டினார்கூட, திரை மேஜைக்குப் பெரிதாம். சோறு இறங்குகிறது. இரண்டு தம்ளரில் தண்ணீர் வைக்கிறார்.

மறுநாளே ஸ்பீக்கர் வாங்கிவிட்டேன். ஒரு ஒயர்தான், மாட்டினால் அவள் பேசுவாள். மாட்டினால் அவர் போய்த் தாழ்ப்பாளை எடுத்துவிடுவார். பையில் வைத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் போகிறேன். அந்தக் கட்டம் வருகிறது, "தாழ்ப்பாள்" என்கிறது, போகிறது. நான் பையைத் திறக்காமல் திரும்பி வருகிறேன். வழியெல்லாம் அந்த வாக்கியத்தை நானே எனக்குச் சொல்லிப் பார்க்கிறேன். அவள் மாதிரி வரமாட்டேன் என்கிறது.

நீ படித்தவள். மாட்டட்டுமா, வேண்டாமா?

மாமா

---

மார்ச் 27

மாமா,

மாட்டாதீர்கள். தூக்கி எறியவும் வேண்டாம். பையிலேயே இருக்கட்டும். உங்களுக்கும் எனக்கும் ஒருநாள் தேவைப்படும். அம்மா குரலை நகலெடுத்து, அப்பா காதில் விழாமல் ஒரு பகலில் உங்கள் வீட்டில் வைத்துக் கேட்டுக்கொள்வோம்.

லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மா வேண்டாம் என்றதை ஒரு வருஷம் கேட்டாகிவிட்டது.

அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். அவர் தூங்குவதைக் கெடுக்காதீர்கள். நான் வருகிற வரைக்கும் கதவை நன்றாகத் தாழ்ப்பாள் போட்டே வைத்திருக்கட்டும். எந்நேரமானாலும், அவர் எழுந்திருக்கிற வரைக்கும் தட்டுவேன்.

தம்ளர் மூன்றாக வையுங்கள்.

உங்கள் வாலு